சாயங்கால வண்டி எங்கள் ஊரில் நிற்காது

ஊரில் என்னை 'ஸ்டேஷன் அக்கா' என்பார்கள். கேட்கிறவர்களுக்கு நான் ஏதோ கொடி பிடித்து ரயிலை அனுப்புகிறவள் மாதிரித் தோன்றும். உண்மையில் எங்கள் ஊர் ஸ்டேஷனே ஸ்டேஷன் இல்லை, ஹால்ட். ரயில் நிற்கும், ஏறுகிறவர்கள் ஏறலாம், இறங்குகிறவர்கள் இறங்கலாம், அவ்வளவுதான். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது, மேலிடத்தோடு பேச ஒரு போன் கிடையாது. மூன்று மொழியில் ஊர்ப்பெயர் எழுதிய பலகை, இரண்டு சிமெண்ட் பெஞ்சு, ஒரு புங்கமரம், குளியலறை அளவுக்கு ஒரு டிக்கெட் கவுண்டர். அந்தக் கவுண்டருக்குள் நான்.

நான் ரயில்வே ஊழியரும் இல்லை. பெரிய ஸ்டேஷனுக்குப் போய் அட்டை டிக்கெட்டுகளைக் கட்டாக வாங்கிவந்து, தேதி முத்திரை குத்தி விற்கிற ஒப்பந்த ஏஜென்ட். விற்றால் கமிஷன் உண்டு. சம்பளம், சீருடை, இலவசப் பாஸ் எதுவும் கிடையாது. கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறவருக்கும் கல்யாணத்துக்கும் என்ன உறவோ அதுதான் எனக்கும் ரயிலுக்கும். ஆனால் வண்டி தாமதமானால் ஊர் மொத்தமும் என் ஜன்னலில்தான் முகத்தை வைக்கும்.

"ஏங்க்கா, வண்டி எங்க வருது?"

"தெரியலப்பா."

"ஸ்டேஷன்ல உக்காந்துக்கிட்டு தெரியலங்கிறீங்க?"

"நான் என்ன மடியிலயா கட்டி வச்சிருக்கேன்?"

இப்படிக் கத்திவிட்டு, அவர்கள் கையிலும் இருக்கிற அதே போனில் நானும் பார்த்து, அரியலூர் தாண்டிவிட்டது என்று சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊருக்கே தெரியும். அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை. கேட்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை.

மீட்டர் கேஜ் காலத்தில் முதலில் இங்கே எந்த வண்டியும் நின்றதில்லையாம். ஊர்க்காரர்கள் போய்க் கேட்டபோது, நடைமேடை இல்லாத இடத்தில் எப்படி நிறுத்துவது என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் தட்டிக்கழிப்பதற்காகத்தான் சொல்லியிருப்பார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த நாசூக்கெல்லாம் புரியாது. அறுப்பு முடிந்த கையோடு வீட்டுக்கு ஓர் ஆளாய் வந்து, ஏரி மண்ணைக் கூடை கூடையாய்ச் சுமந்து கொட்டி, தண்டவாளத்தை ஒட்டி ஒரு மேட்டைப் போட்டுவிட்டார்கள். மேடு வந்தபிறகு நிறுத்தாமல் இருக்க முடியவில்லை. காலையில் திருச்சிக்கு ஒரு பாசஞ்சர், சாயங்காலம் திருச்சியிலிருந்து ஒரு பாசஞ்சர் என்று இரண்டு வண்டிகள் நிற்க ஆரம்பித்தன.

பிறகு அகலப்பாதை வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியைக் கொட்டி உயர்த்தினார்கள். மண்மேட்டை உயர்த்த யாரும் வரவில்லை. அதனால் எங்கள் ஊரில் ரயில் ஏறுவது பரண் ஏறுவது மாதிரி. நான் கல்யாணமாகி வந்ததே சாயங்கால வண்டியில்தான். பட்டுப்புடவையோடு வாசலில் நின்று கீழே பார்த்ததும் தலை சுற்றியது. மாமியார் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டி, "குதிம்மா, நான் புடிச்சுக்கறேன்" என்றார். புது மருமகள் வலதுகாலை எடுத்துவைத்து வரவேண்டும் என்பார்கள். நான் இரண்டு காலையும் சேர்த்துவைத்து வந்து விழுந்தேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டி ஒரே தாவில் இறங்கினார். அப்போது அவர் காலில் ஒரு குறையும் இல்லை.

அவருக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர் வேலை. மணி அடிப்பது, வகுப்பு வகுப்பாகச் சுற்றறிக்கையைக் கொண்டுபோவது, பிள்ளைகள் உடைத்த நாற்காலியைச் சுமப்பது. காலை வண்டியில் போய்ச் சாயங்கால வண்டியில் வந்துவிடுவார். வருடக்கணக்காக எங்கள் வீட்டுக் கடிகாரம் அந்த இரண்டு வண்டிதான்.

கொரோனா வந்து எல்லா வண்டியும் நின்றது. தண்டவாளத்துக்கு நடுவில் புல் முளைத்து ஆடு மேய்ந்தது. மறுபடி வண்டி விடுகிறார்கள் என்றதும் நானே கவுண்டரைக் கழுவிக் கோலம் போட்டேன். காலை வண்டி வந்தது, நின்றது. டிரைவருக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். அன்றைக்குச் சாயங்காலமும் மிச்சப் பொங்கலோடு காத்திருந்தோம். வண்டி ஒலி எழுப்பிக்கொண்டு வந்தது, எழுப்பிக்கொண்டே போய்விட்டது. உள்ளே எங்கள் ஊர் ஆட்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். பொங்கல் தூக்கோடு நாங்கள் அவர்களைப் பார்த்தோம். டிரைவர் மறந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மறக்கவில்லை. புதுக் கால அட்டவணையில் காலை நிறுத்தம் இருந்தது, சாயங்கால நிறுத்தம் இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மனு கொடுத்தோம். மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். மறுபடி மனு கொடுத்தோம். மேலேயிருந்து பதில் வரவில்லை என்றார்கள். ஒருவர் மட்டும் பரிதாபப்பட்டு விளக்கினார். சாயங்காலம் உங்கள் ஊரில் இறங்குகிறவர்களே இல்லை என்று கணக்கு சொல்கிறதாம். வண்டி நிற்காத ஊரில் எப்படி இறங்குவது என்று கேட்டேன். அதுவும் சரிதான் என்றார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் ஊரிலிருந்து தினமும் ஆட்கள் திருச்சிக்குப் போகிறார்கள், ஒருவரும் திரும்புவதில்லை. இந்நேரம் ஊர் காலியாகி, நானும் ஆடுகளும்தான் மிஞ்சியிருக்க வேண்டும்.

ஆக, சாயங்காலம் வருகிறவர்கள் சொந்த ஊரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கடந்து, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, திரும்பி வரவேண்டும். தண்டவாளத்தை ஒட்டி ஒற்றையடிப்பாதை உண்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நடை. ஒரு பக்கம் ஜல்லி, மறுபக்கம் சீமைக்கருவேல். ரோடு வழியாக வந்தால் ஷேர் ஆட்டோ எங்கள் ஊருக்கு ரோடு பிரிகிற கைகாட்டி வரைக்கும்தான் வரும், அதுவும் ஆள் நிறைந்தால்தான். அங்கிருந்து மறுபடி நடை. எங்கள் ஊருக்கு முன்னால் வருகிற லால்குடியிலேயே இறங்கிப் பஸ் பிடிக்கலாம் என்றால், எங்கள் ஊர் டவுன் பஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரயில் வருவதற்கு முன்னாலேயே போய்விடும். அடுத்த ஸ்டேஷனில் சைக்கிளை வைத்துக்கொள்ளலாமே என்று திருச்சியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். காலையில் ஏறுவது இங்கே, சைக்கிள் எப்படி அங்கே போகும் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு மோர் கேட்டார்.

எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் வாய்க்கால் பாலம். ஊரைத் தாண்டியதும் ஒரு பழைய பாலம், அதில் வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் வண்டி மெதுவாகப் போகவேண்டும் என்று மேட்டுக்கு முன்னாலேயே ஒரு மஞ்சள் போர்டு நட்டிருந்தார்கள். அந்த போர்டைப் பார்த்ததும் வண்டி தளர்ந்து, எங்கள் நடைமேடையை ஒரு பெருமூச்சோடு தாண்டும். நிற்காது, ஆனால் முகம் பார்க்கலாம், ஒரு வார்த்தை பேசலாம். அங்கே ஆரம்பித்ததுதான் எறிகிற பழக்கம்.

நடக்கிறவர்களுக்குச் சுமை எதற்கு? பையை இங்கேயே எறிந்துவிட்டால் வெறுங்கையோடு நடந்து வரலாம். முதலில் எங்கள் பக்கத்து வீட்டுக் கீரைக்காரப் பெரியம்மாதான் எறிந்தார். ஸ்ரீரங்கத்துக்குக் கீரை கொண்டுபோய் விற்கிறவர், வெறும் கூடையை மருமகளைப் பார்த்து வீசினார். மறுநாளிலிருந்து ஊரே எறிந்தது. மெதுவாக ஒரு முறைமையும் வந்துவிட்டது. கண்ணாடிப் பொருள் கூடாது. துண்டில் முடிந்துதான் எறியவேண்டும். வண்டி போகிற திசைக்கு எதிராகக் கையைத் தாழ்த்தி விடவேண்டும். எந்தப் பெட்டியில் யார் வருவார்கள் என்று தெரிந்து அந்தந்த வீட்டுப் பெண்கள் அந்தந்த இடத்தில் நிற்பார்கள். நான் பிள்ளைகளைப் புங்கமரத்துக்குப் பின்னால் விரட்டிவிட்டு என் இடத்துக்குப் போவேன். அவருடைய மஞ்சள் துணிப்பை சரியாக என் காலடியில் வந்து விழும். சாப்பாட்டுத் தூக்கு, கண்ணாடிக்கூடு, எப்போதும் அடியில் கிடக்கிற போன், சில நாள் ஸ்ரீரங்கத்துக் கத்தரிக்காய். கையை ஆட்டிவிட்டுப் போவார். நான் ஸ்டேஷன் அக்கா, என் ஸ்டேஷனில் நிற்கிறேன், என் புருஷன் என்னைத் தாண்டிப் போகிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தூக்கைக் கழுவப் போவேன்.

இளவட்டங்கள் எறிவதோடு நிற்கவில்லை, குதிக்கவும் ஆரம்பித்தார்கள். முதலில் பை வரும். அடுத்து செருப்பு வரும். அதற்கடுத்து ஆள் வருவான். செருப்போடு குதித்தால் மண்மேட்டில் வழுக்கும், வெறுங்கால்தான் பிடிக்கும் என்று அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். செருப்பு விழுந்தால் நாங்கள் விலகி இடம் விடுவோம். நான் திட்டாத திட்டு இல்லை. "வூட்டுக்கு வாக்கரிசி வாங்கிட்டு வந்தியாடா?" என்று கேட்பேன். பல்லைக் காட்டிக்கொண்டு போவார்கள்.

விஷயம் யார் காதுக்கோ போய், ஓர் அதிகாரி வந்தார்.

"ஏம்மா, ஓடுற வண்டியிலேருந்து பொருளெல்லாம் எறியறாங்களாமே? எவ்வளவு ஆபத்து! நீங்கதானே இங்க பொறுப்பு?"

"வண்டிய நிறுத்தற பொறுப்பு எனக்கு இருக்குங்களா சார்?"

"அது மேல முடிவு பண்றதும்மா."

"அப்ப தக்காளிய நிறுத்தறத மட்டும் நான் முடிவு பண்ணணுமா?"

நல்ல மனிதர், சிரித்துவிட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். போகும்போது, ஓடும் ரயிலிலிருந்து பொருட்களை எறிவது குற்றம் என்று அச்சடித்த தாளை என் கவுண்டரிலேயே ஒட்டிவிட்டுப் போனார். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நான் டிக்கெட் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் ஒருநாளும் குதித்ததில்லை. வயது ஒரு காரணம், கால் இன்னொரு காரணம். அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம். வலதுகால் பெருவிரலுக்கு அடியில் முதலில் ஆணி மாதிரி ஒன்று வந்தது, அது புண்ணாகி, ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சி குறைந்துகொண்டே வந்ததுதான் பெரிய தொல்லை. டாக்டர் என்னைத்தான் முன்னால் உட்காரவைத்துப் பேசினார்.

"அவர் காலப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. முள்ளு குத்தினாலும் தெரியாது, நெருப்பு பட்டாலும் தெரியாது. தெனம் ஒரு தடவ நீங்கதான் பாத்துச் சொல்லணும். ஈரம் படக்கூடாது. ரொம்ப நடக்கக்கூடாது. வெறுங்கால்ல வீட்டுக்குள்ளகூட நடக்கக்கூடாது. அசந்தீங்கன்னா கால எடுக்கறாப்புல ஆயிடும்."

சர்க்கரை நோயாளிகளுக்கென்று மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்தோம். பட்டை வைத்தது, பார்க்க நன்றாக இருக்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொள்வார். தினமும் விளக்கு வைத்த பிறகு அவர் காலை என் மடியில் வைத்து, டார்ச் அடித்து, விரல் இடுக்கெல்லாம் பார்ப்பேன். அழுத்தி, "வலிக்குதா?" என்பேன். "இல்லியே" என்பார், கொஞ்சம் பெருமையாகக்கூட. மற்ற வீட்டில் அது நல்ல செய்தி.

ரொம்ப நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படி நடக்காமல் வருவது என்று அவர் சொல்லவில்லை. அது அவர் இலாகா இல்லை. கொஞ்ச நாள் பக்கத்து வீட்டுப் பையன் பைக் எடுத்துக்கொண்டு போய் அழைத்துவந்தான். அவனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது, போய்விட்டான். வேலையை விட்டுவிடுங்கள் என்றேன். "விட்டுட்டு? ஒன் கமிஷன்ல கற்பூரம் வாங்கலாம்" என்றார். சாயங்காலம் ஒரு நிமிடம் வண்டி நின்றால் போதும், புண் ஆறிவிடும். ஒரு காலைக் காப்பாற்ற ஒரு ரயிலை நிறுத்தவேண்டும், அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னேன், மனுவிலேயே எழுதினேன். தனிநபர் காரணம் என்று ஒருவர் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார்.

ஐப்பசி வந்தது. நாலைந்து நாள் விடாத மழை. ஒற்றையடிப்பாதை முழங்கால் வரைக்கும் சேறு என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று காலை வண்டி ஏறும்போது, புண்ணுக்கு நான் புதுக்கட்டு போட்டு, அதன்மேல் பாலிதீன் சுற்றி விட்டிருந்தேன். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஏங்க, அந்தப் பாதையில வராதீங்க. கால் நனையவே கூடாது. எப்படியாவது நனையாம வந்து சேருங்க."

"சரி சரி, நான் பாத்துக்கறேன். நீ கவுண்டரப் பாரு" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆட்டோவில் வருவார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மழை விட்டிருந்தது. நாலு மணி வாக்கில் பாலத்தில் வேலை செய்கிற ஆட்கள் என் பானைத் தண்ணீருக்கு வந்தார்கள். பல மாதப் பழக்கம். எல்லோர் முகத்திலும் சந்தோஷம்.

"அக்கா, பாலம் முடிஞ்சிடுச்சு! இன்னிக்கோட கெளம்பறோம்."

"அப்படியா, நல்லாயிருங்கப்பா" என்றேன். இரண்டு பேர் மஞ்சள் போர்டைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு என் முன்னாலேயே போனார்கள். ஒருவன் திரும்பி, "இனிமே வண்டி பறக்கும்க்கா" என்றான்.

அவன் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. போர்டு இல்லையென்றால் வண்டி தளராது. தளராத வண்டியிலிருந்து தூக்குவாளி வந்தால் அது குண்டு. உடனே அவருக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. பையில் தூக்குக்கு அடியில் கிடக்கும், எப்போதுதான் எடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் போட்டேன், அப்போதுதான் கிளம்பினார் என்றார்கள். கீரைக்காரப் பெரியம்மாவிடம் போனே கிடையாது. இளவட்டங்களில் ஒருவன் எண் இருந்தது, அவன் அதை அணைத்து வைத்திருந்தான். சாயங்காலம் வந்த பெண்களை எல்லாம் புங்கமரத்துப் பக்கம் தள்ளி நிறுத்தினேன். யாரும் முன்னால் போகாதீர்கள், எதையும் பிடிக்காதீர்கள், விழுந்தபிறகு பொறுக்கலாம் என்று கத்திக்கொண்டிருந்தேன். பைகளைப் பற்றித்தான் என் கவலை முழுதும்.

வண்டி வந்தது. தரை அதிர்ந்தபோதே தெரிந்துவிட்டது. வழக்கம்போல் வாசலில் வரிசையாய்க் கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு என்ன தெரியும்? இப்போது தளரும், இப்போது தளரும் என்று பார்த்திருப்பார்கள். மேடு வந்துவிட்டது, கை பழக்கத்தில் விட்டுவிட்டது. ஒரு கூடை பெஞ்சில் மோதி நார்நாராய்ப் போனது. ஒரு தூக்கு உருண்டு கவுண்டர் சுவரில் இடித்தது. மஞ்சள் பை என்னைத் தாண்டி எங்கோ போய் விழுந்தது.

அதன் பின்னால் ஒரு செருப்பு வந்தது. பட்டை வைத்த செருப்பு. அதன் பின்னால் இன்னொன்று.

அண்ணாந்து பார்த்தேன். வாசலில் இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு, படியில் வெறுங்காலோடு நிற்கிறார். வெள்ளைக் கட்டு தெரிகிறது, அதன்மேல் நான் சுற்றிவிட்ட பாலிதீன் காற்றில் படபடக்கிறது. கால் நனையாமல் வரச் சொன்னேன் அல்லவா, அதற்கு அவர் கண்டுபிடித்த வழி அதுதான்.

"வேணாங்க! குதிக்காதீங்க! வேணாங்க!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் ஸ்டேஷன், என் கண் முன்னால் என் புருஷன், நான் கையை மட்டும் ஆட்டுகிறேன். சிவப்புத் துணி ஒன்று இருந்தால்கூடக் காட்டியிருப்பேன். வாய் நீளமாக இருந்து என்ன புண்ணியம், ஒரு பெட்டியைக்கூட என்னால் நிறுத்த முடியவில்லை.

குதிக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். என்னைத் தாண்டும்போது ஒரு கணம் பார்த்தார், தப்பு செய்துவிட்ட பிள்ளை மாதிரி ஒரு முகம். வண்டி பாலத்தைத் தாண்டி வளைவில் மறைந்தது. பெண்கள் எல்லோரும் "நல்லவேளை, நல்லவேளை" என்றார்கள். நானும் அப்படியே மண்ணில் உட்கார்ந்து மாரியம்மனைக் கும்பிட்டேன். கும்பிட்டு முடித்து, பக்கத்தில் கிடந்த ஒரு செருப்பை எடுத்துத் தட்டியபோதுதான் இது இங்கே இருக்கிறதே, அவர் எப்படி நடந்து வருவார் என்று புரிந்தது.

கையிலிருந்த போனில் அவர் எண்ணை அழுத்தினேன். புல்லுக்குள் கிடந்த மஞ்சள் பைக்குள் மணி அடித்தது.

இன்னொரு செருப்பு சரிவில் சேற்றில் செருகிக் கிடந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று நின்றேன். பாதையா, ரோடா? வெறுங்காலோடு சேற்றுப் பாதையில் வரமாட்டார், ஆட்டோவில்தான் வருவார் என்று பெரியம்மாவின் மருமகள் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கைகாட்டிக்கு ஓடினேன். டீக்கடை ஓரத்தில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வோர் ஆட்டோவையும் குனிந்து குனிந்து பார்த்தேன். டீக்கடைக்காரர், "யாருக்கும்மா நிக்கிறீங்க?" என்றார். சொன்னேன். உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை.

பின்னால் நடந்ததை ஒளித்து வைத்துச் சொல்கிற பொறுமை எனக்கு இல்லை. கார்த்திகையில் விரல்களை எடுத்தார்கள். தை பிறந்தபிறகு கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன், அது நின்றது. கூட்டிவரும்போது வேன் பிடிக்கவேண்டியிருந்தது. இப்போது வீட்டில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவார். யாரும் இப்போது எதையும் எறிவதில்லை. நான் இன்னும் அந்தக் கவுண்டரில்தான் இருக்கிறேன். சாயங்காலம் வண்டி நிற்குமா என்று கேட்கிறார்கள், தெரியாது என்று சொல்கிறேன். முன்பு மாதிரி கத்துவதில்லை. இதெல்லாம் அந்தக் கைகாட்டியில் நின்றபோது எனக்குத் தெரியாது. ஆட்டோவில் வந்து இறங்கினால் போதும், நன்றாக நாலு வார்த்தை திட்டவேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆட்டோவும் வந்து போனது. அவர் இல்லை. இருட்டில் வீட்டுக்குத் திரும்பினால், வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரே போட்டிருக்கிறார்.

"எங்க போயிட்ட? பூட்டத் தொறந்து நானே டீ போட்டேன்" என்றார்.

"எப்படி வந்தீங்க?"

"பாதையிலதான். ஆட்டோவுக்குப் பையிலதானே காசு? பசங்க ரெண்டு பேரு கையப் புடிச்சுக் கூட்டியாந்தானுங்க. சேத்துல எறங்கவே விடலயே! ஜல்லி மேலயே நடந்து வந்தோம். ஒன் கட்டு பாரு, நனையவே இல்ல."

அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசற்படியிலிருந்து அடுப்பங்கரைக்கு, அடுப்பங்கரையிலிருந்து நாற்காலிக்கு, சிமெண்ட் தரையில் வலதுகால் தடம் மட்டும் சிவப்பாக வரிசையாய்ப் போயிருந்தது. டீ போடுவதற்காக அங்கேயும் இங்கேயும் நடந்திருக்கிறார். சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற இடத்தில் அது தேங்கியிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

கீழே உட்கார்ந்து காலை மடியில் வைத்து டார்ச் அடித்தேன். பாலிதீனும் கட்டும் மேலே சுருண்டு போயிருந்தன, நனையாமல்தான் இருந்தன. அடிப்பாதம் ஜல்லியில் கிழிந்திருந்தது. குதிகாலில் ஒரு கருவேல முள் முழுசாக உள்ளே இறங்கி, முனை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. நகத்தால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தேன். என் விரல் நீளத்துக்கு வந்தது.

அவர் பேச்சை நிறுத்தவில்லை. வாய்க்கால் பாலத்தில் ஒருவன் எப்படித் தோள் கொடுத்தான், பெரியம்மா எப்படிச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒன்று வைத்தார் என்று சொல்லிச் சிரித்தபடி டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அடக்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் அழுவுற? எங்கயாவது வலிக்குதா ஒனக்கு?" என்று கேட்டார்.